பைபாஸுடன் வால்வு அறுவையும் சேரும்போது: நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு வழிகாட்டி

நெஞ்சுவலிக்காகவோ மூச்சிரைப்புக்காகவோ மருத்துவமனைக்குப் போனவருக்கு ஆஞ்சியோ எடுத்து, மூன்று குழாய்களிலும் அடைப்பு இருக்கிறது, பைபாஸ்தான் வழி என்று சொல்லி, வீட்டாரும் ஒருவாறு மனத்தைத் திடப்படுத்திக்கொண்ட பிறகு, “எக்கோவில் வால்வும் சுருங்கியிருக்கிறது, இரண்டையும் ஒன்றாகவே செய்துவிடலாம்” என்ற செய்தி வருகிறது. ஒன்றே பெரிது, இரண்டையும் இந்த உடம்பு தாங்குமா என்ற அச்சம் ஒருபுறமும், தேவையில்லாமல் சேர்க்கிறார்களோ என்ற ஐயம் மறுபுறமும் அந்த நேரத்தில் எழுவது இயல்பு. இரண்டுக்கும் விடை பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும் எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகளின் எண்களிலேயே இருக்கிறது. “எப்படியும் மார்பைத் திறக்கிறோம், எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்” என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. “இப்போது பைபாஸ் மட்டும் போதும், வால்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பதும் பல நேரங்களில் தவறான சிக்கனமாக முடியும். எந்த இணைப்பு எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதை அறிந்து மருத்துவரிடம் பேச உதவுவதே இந்தக் கட்டுரையின் வேலை. உங்களைச் சோதித்த மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று அன்று.

முதலில்: இரண்டு பழுதுகள் ஒருவரிடம் எப்படிச் சேர்ந்தன என்று கேளுங்கள்

பைபாஸ் என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களுக்கான அறுவை. அடைப்பை யாரும் தோண்டி எடுப்பதில்லை. மார்பின் உட்சுவரிலிருந்தும் காலிலிருந்தும் சில நேரம் முன்கையிலிருந்தும் எடுத்த குழாய்களை அடைப்புக்கு அப்பால் தைத்து, இரத்தத்துக்கு மாற்றுப் பாதை அமைக்கிறார்கள். 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். வால்வு அறுவை என்பது இதயத்துக்குள்ளே, இரத்தம் ஒரே திசையில் ஓடுவதற்காகத் திறந்து மூடும் மெல்லிய இதழ்களுக்கானது. ஒன்று இதயத்தின் மேற்பரப்பில் நடக்கும் வேலை, மற்றொன்று இதயத்தைத் திறந்து உள்ளே செய்யும் வேலை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல செய்திகள் தாமாகவே விளங்கும்.

இரண்டும் ஒருவரிடம் சேர்வதற்கு மூன்று வழிகள் உண்டு. வயது ஏற ஏற, இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு இரத்தம் வெளியேறும் வாயிலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது இறுகுவது ஒன்று. வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை என்று குழாய் அடைப்புக்குக் காரணமானவையே இதற்கும் பெரிதும் துணைபோவதால், சுருங்கிய அயோர்ட்டிக் வால்வு உள்ள முதியவர்களிடம் குழாய் அடைப்பும் இருப்பது மிகச் சாதாரணம். இரண்டாவது, மாரடைப்பே வால்வைக் கெடுப்பது. இங்கே, இடமேலறைக்கும் இடக்கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்களில் பழுதில்லை. மாரடைப்பில் செத்துப்போன தசைப் பகுதி விரிந்து, இதழ்களைப் பிடித்திருக்கும் நாண்களை இழுப்பதால் வால்வு முழுமையாக மூடாமல் கசிகிறது. மூன்றாவது, சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல். குழந்தைப் பருவத்தில் மூட்டு வலியோடு வந்துபோன காய்ச்சல் மைட்ரல் வால்வைத் தழும்பாக்கிவிட்டுப் போயிருக்க, அதே மனிதருக்கு ஐம்பது வயதில் சர்க்கரையும் குழாய் அடைப்பும் வந்து சேர்வது நம் நாட்டில் இன்றும் காணக்கூடியது. இதனால்தான் வால்வு அறுவைக்கு மட்டும் வந்திருந்தாலும், நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாதபோதும் ஆஞ்சியோ எடுக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டு நோயாளி இந்த மூன்றில் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு அதைப் பொறுத்தே மாறும்.

அடுத்து: அறிக்கையில் எந்த எண்களைப் பார்ப்பது

எக்கோ அறிக்கை இரண்டு பக்கம் நீளும். அதில் அயோர்ட்டிக் வால்வைப் பொறுத்தவரை மூன்று எண்கள் முக்கியம். வால்வின் திறப்புப் பரப்பு இயல்பாக 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும், அது 1 சதுர செ.மீ.-க்குக் குறைந்தால் கடும் சுருக்கம். வால்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், இரத்தம் பாயும் உச்ச வேகம் விநாடிக்கு 4 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தாலும் கடும் சுருக்கம். மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்தவர்களிடம் அழுத்த வேறுபாடு பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தள்ளும் வலுவே இல்லாத இதயம் அவ்வளவு அழுத்தத்தை எழுப்ப முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு, இதயத்தின் தள்ளும் வலுவைக் கூட்டும் டோபுட்டமின் மருந்து கொடுத்து மீண்டும் எக்கோ எடுப்பதும், சி.டி. ஸ்கேனில் வால்வின் சுண்ணாம்பை அளப்பதும் உண்டு. பரப்பு 0.8 என்றும் அழுத்தம் 25 என்றும் அறிக்கையில் இருந்தால், “இது உண்மையில் கடும் சுருக்கமா?” என்று கேட்பது நியாயமான கேள்வி.

இடக்கீழறையின் இறைக்கும் திறனை இ.எஃப். என்ற சதவீதமாக எழுதியிருப்பார்கள். 55 முதல் 70 வரை இயல்பு. 35-க்குக் கீழே போனவர்களுக்கு எந்த அறுவையும் கூடுதல் ஆபத்துள்ளது. மைட்ரல் வால்வின் கசிவை லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தரம் பிரித்திருப்பார்கள். இந்த நடுத்தரம் என்ற சொல்லில்தான் பெரும்பாலான தகராறு இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஆஞ்சியோவில் இடப்பக்கத்து முதன்மைக் குழாயில் 50 சதவீதத்துக்கும், மற்றக் குழாய்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட அடைப்பு பொருட்படுத்த வேண்டியது. வால்வு அறுவைக்காகவே வந்தவரிடம் தற்செயலாக 70 சதவீத அடைப்பு தெரிந்தாலும் அந்தக் குழாய்க்கும் பைபாஸ் சேர்ப்பதே நடைமுறை.

எந்த இணைப்பு தேவை, எது தேவையில்லை

பைபாஸும் அயோர்ட்டிக் வால்வு மாற்றமும் சேர்வதே மிகப் பரவலான இணைப்பு. இதில் கருத்து வேறுபாடும் குறைவு. பைபாஸுக்கு வந்தவரின் அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தால், மூச்சிரைப்போ மயக்கமோ இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் இரண்டும் ஒருமித்துச் சொல்வது. விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் மீண்டும் மார்பைத் திறக்க நேரிடும். அப்போது மார்பெலும்பின் பின்னால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பைபாஸ் குழாய்கள் ஒட்டிக்கிடக்கும். அவற்றைக் காயப்படுத்தாமல் உள்ளே போவது முதல் அறுவையைவிடக் கடினம். சுருக்கம் நடுத்தரமாக இருந்தால் முடிவு நோயாளியைப் பொறுத்தது: வயது, வால்வில் படிந்த சுண்ணாம்பின் அளவு, முந்தைய எக்கோக்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பவை பார்க்கப்படும். பழைய எக்கோ அறிக்கைகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தவர்களுக்கு இங்கே பெரும் பயன் கிடைக்கும்.

மைட்ரல் கசிவு இன்னும் நுட்பமானது. மாரடைப்பால் வந்த நடுத்தரக் கசிவு உள்ள 301 பேரிடம், பைபாஸ் மட்டும் செய்வதையும், பைபாஸோடு வால்வைச் செப்பனிடுவதையும் ஒப்பிட்ட ஆய்வு வட அமெரிக்காவில் நடந்தது. இரண்டு ஆண்டு முடிவில், செப்பனிட்டவர்களிடம் கசிவு குறைவாக இருந்தது உண்மைதான்; ஆனால் உயிர் பிழைத்திருப்பதிலோ இதய அறையின் அளவு சுருங்குவதிலோ வேறுபாடு தென்படவில்லை. மாறாக, சேர்த்துச் செய்தவர்களுக்குத் தொடக்க நாட்களில் நரம்பு மண்டலச் சிக்கல்களும் இதயத் துடிப்புக் கோளாறுகளும் கூடுதலாக வந்தன. ஆகவே நடுத்தரக் கசிவுக்கு வால்வை எல்லாருக்கும் தொடத் தேவையில்லை. பைபாஸால் தசைக்கு இரத்தம் கிடைத்ததும் கசிவு தானாகக் குறைவதும் உண்டு. கசிவு கடுமையாக இருந்தால் நிலைமை வேறு, அப்போது சேர்த்துச் செய்வதே சரி. அங்கேயும் செப்பனிடுவதா, மாற்றுவதா என்ற கேள்வி எழும். 251 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், செப்பனிட்டவர்களில் 58.8 சதவீதம் பேருக்கு இரண்டே ஆண்டுகளில் நடுத்தரமான அல்லது கடுமையான கசிவு திரும்பியது. வால்வை மாற்றியவர்களில் அது 3.8 சதவீதம்தான். “சொந்த வால்வைக் காப்பாற்றுவதே எப்போதும் நல்லது” என்று பலரும் சொல்வதுண்டு. இதழ்களே பழுதான வேறு வகைக் கசிவுக்கு அது பொருந்தும். மாரடைப்பால் வந்த கசிவுக்கு அப்படியே பொருந்தாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பு முன்பே இருப்பவர்களுக்கு, இடமேலறையின் ஓரத்தில் பை போலத் தொங்கும் சிறு பகுதியை அடைத்துவிடுவது உண்டு. அந்தத் துடிப்பில் இரத்தம் தேங்கி உறைவது பெரும்பாலும் அங்கேதான்; உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வேறு காரணத்துக்காக இதய அறுவைக்கு வந்த ஏறக்குறைய 4,800 பேரிடம் 27 நாடுகளில் நடந்த ஆய்வில், இப்படி அடைத்தவர்களில் 4.8 சதவீதத்தினருக்கும் அடைக்காதவர்களில் 7 சதவீதத்தினருக்கும் பக்கவாதமோ உறைகட்டி அடைப்போ வந்தது. சில நிமிட வேலைக்கு இது பெரிய பலன். இதயத்தின் மின்பாதையைத் தழும்புக் கோடுகளால் திருத்தும் மேஸ் அறுவையையும் உடன் செய்யலாம், அதற்கு நேரம் கூடுதலாகும். துடிப்புக் கோளாறு உள்ளவர் பைபாஸுக்குப் போகிறார் என்றால் அந்தப் பையை அடைப்பீர்களா என்று மறக்காமல் கேளுங்கள்.

மாரடைப்பின் தழும்பால் இதயச் சுவர் உப்பியிருந்தால் அதை வெட்டி அறையைச் சிறிதாக்கும் அறுவையைப் பைபாஸோடு சேர்ப்பது ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. 1,000 பேரிடம் நடந்து 2009-இல் வெளிவந்த ஸ்டிச் ஆய்வில் அறையின் அளவு 19 சதவீதம் சுருங்கியது. ஆயினும் அறிகுறிகளிலோ இறப்பிலோ பைபாஸ் மட்டும் செய்தவர்களைவிட எந்த நன்மையும் கிடைக்கவில்லை. அதனால் இன்று அது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே. படத்தில் அழகாகத் தெரிவதும் நோயாளிக்கு நன்மை தருவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பிறவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வால்வு அறுவை நடக்கும்போது பெருந்தமனியின் ஏறுபகுதி 4.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தால் அதையும் மாற்றுவதைக் கருதுவார்கள். மாரடைப்பில் இதயத்தின் நடுச்சுவர் கிழிந்துவிட்டால் அதை அடைப்பதும் பைபாஸும் அவசரமாகச் சேரும்; அங்கே தேர்வுக்கு இடமே குறைவு. கழுத்துக் குழாயில் கடும் அடைப்பும் பக்கவாத வரலாறும் இருப்பவர்களுக்கு அதையும் சேர்ப்பதா, முன்பின்னாகச் செய்வதா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும்.

மார்பைத் திறக்காத மாற்று வழியும் உண்டு. எழுபது, எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குத் தொடைக் குழாய் வழியாக அயோர்ட்டிக் வால்வைப் பொருத்தி, அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கலாம். 70 வயதுக்கு மேற்பட்ட 172 பேரை மட்டும் கொண்ட ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் இந்த வழி, சேர்த்துச் செய்யும் திறந்த அறுவையைவிட ஓராண்டு முடிவில் நல்ல பலன் தந்தது. ஆய்வு சிறியது, சிக்கலான பல அடைப்புகள் உள்ள சர்க்கரை நோயாளிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. வால்வின் விலையும் அதிகம். ஆனாலும் முதியவர் என்றால், அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வால்வைத் தேர்ந்தெடுத்தல்

இந்த முடிவில் நோயாளிக்கு உண்மையான பங்கு உண்டு. உலோக வால்வு நீடித்து உழைக்கும், ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையும், அதன் அளவு சரியா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையும் வேண்டும். டிஷ்யூ வால்வு மாட்டின் அல்லது பன்றியின் திசுவால் ஆனது. அதற்காக மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவைப்படாது, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேயும், இளையவர்களிடம் இன்னும் விரைவாகவே தேயும். ஐம்பது வயதுக்குக் கீழே உலோகம், அறுபத்தைந்துக்கு மேலே டிஷ்யூ என்பது பொதுவான போக்கு. இடைப்பட்ட வயதில் நோயாளியின் வாழ்க்கைமுறையே தீர்மானிக்க வேண்டும். ஐ.என்.ஆர். பார்க்க இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊரில் இருப்பவருக்கும், குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கும், வெட்டுக்காயம் படும் வேலையில் இருப்பவருக்கும் உலோக வால்வு தரும் சுமை பெரிது.

செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு பற்றிக் கேட்கலாம். இறக்குமதி உலோக வால்வுகளைவிட விலை குறைந்த இது, இந்தியாவில் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆபத்தை எண்ணாகக் கேளுங்கள்

“ரிஸ்க் இருக்கிறது” என்ற சொல்லோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். வயது, சிறுநீரகம், நுரையீரல், இறைக்கும் திறன், அவசரம், எத்தனை அறுவைகள் சேர்கின்றன என்பவற்றையெல்லாம் போட்டால் ஆபத்தின் சதவீதத்தைக் கணக்கிட்டுத் தரும் யூரோஸ்கோர் 2, எஸ்.டி.எஸ். ஸ்கோர் ஆகியவை அறுவை மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்துபவை. பைபாஸ் மட்டும் செய்தால் எத்தனை, வால்வையும் சேர்த்தால் எத்தனை, சேர்க்காமல் விட்டால் அடுத்த சில ஆண்டுகளில் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். சேர்த்துச் செய்வதன் ஆபத்து தனிப் பைபாஸைவிடக் கூடுதல் என்பதை நல்ல மருத்துவர் மறைக்கமாட்டார்.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

அவசர நிலை இல்லையென்றால் இந்தக் காலம் பொன்னானது. முதலில் பல். சொத்தைப் பல்லிலிருந்து கிளம்பும் கிருமி புது வால்வில் குடியேறினால் அது உயிருக்கே உலை வைக்கும் தொற்றாகிவிடும்; ஆகவே பல் மருத்துவரிடம் காட்டி, எடுக்க வேண்டியதை எடுத்துச் சான்று வாங்கிய பிறகே வால்வு அறுவைக்கு நாள் குறிப்பார்கள். பைபாஸுக்கு மட்டும் போன உறவினருக்கு இதைக் கேட்கவில்லையே என்று வியக்க வேண்டாம், காரணம் இதுதான்.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் ஐந்து நாட்களுக்கு முன்பும், பிராசுக்ரெல் ஏழு நாட்களுக்கு முன்பும், டைகாக்ரெலார் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன்பும் நிறுத்தப்படுவது வழக்கம். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அறுவைக்கு மூன்று நாட்களுக்கு முன்பே அதை நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு இயல்பாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. புகையை அன்றே விடுங்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை முன்கூட்டியே வாங்கி, உள்ளிழுக்கும் மூச்சில் பந்துகளை மேலே நிறுத்தப் பழகிவிட்டால், மார்பில் தையலோடு புதிதாகக் கற்கும் துன்பம் இருக்காது.

இரத்தம் கூடுதலாகத் தேவைப்படலாம். எத்தனை கொடையாளர்களை அழைத்துவர வேண்டும் என்று இரத்த வங்கியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. அதற்கான முன் அனுமதியில் பைபாஸ், வால்வு இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா, வால்வின் விலை அதற்குள் அடங்குமா என்று காப்பீட்டு மேசையில் அறுவைக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அறுவை நாளில் உள்ளே என்ன நடக்கிறது

“எங்கள் மாமாவுக்கு இதயத்தை நிறுத்தாமலே பைபாஸ் செய்தார்களே, இவருக்கு ஏன் நிறுத்துகிறார்கள்?” என்று கேட்காத குடும்பம் குறைவு. பைபாஸ் மேற்பரப்பில் நடப்பதால் துடிக்கும் இதயத்தின்மீதே செய்ய முடிகிறது, இந்தியாவில் அது மிகப் பரவலும்கூட. வால்வுக்கு இதயத்தையோ பெருந்தமனியையோ திறந்தாக வேண்டும். அதனால் இதய–நுரையீரல் இயந்திரம் இல்லாமல் முடியாது.

மார்பெலும்பைப் பிளந்ததும், ஒருவர் மார்பின் உட்சுவர்த் தமனியைப் பிரித்தெடுக்க, மற்றொருவர் காலிலிருந்து சிரையை எடுப்பார். மார்புத் தமனி பத்தாண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். கால் சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைபடும். எனவே இதயத்தின் முன்பக்கத்து முக்கியக் குழாய்க்கு மார்புத் தமனியையே வைப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, இயந்திரத்தை இணைத்து, பெருந்தமனியில் கவ்வி போட்டு, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தியதும் இதயம் நிற்கும். அந்த நொடியிலிருந்து கவ்வியை எடுக்கும்வரை இதயத் தசைக்கு இயல்பான இரத்த ஓட்டம் கிடையாது. சேர்த்துச் செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்த நேரத்தை நீட்டுகிறது. கூடுதல் ஆபத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

வரிசைக்கும் காரணம் உண்டு. சிரைகளின் கீழ்முனைகளை முதலில் இதயத்தில் தைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அந்தச் சிரைகளின் வழியாகவே பாதுகாப்புக் கரைசலை அடைப்புக்கு அப்பாலுள்ள தசைக்கும் செலுத்தலாம். மேலும், இதயத்தின் பின்பக்கக் குழாயைத் தைக்க இதயத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்; கெட்டியான புது வால்வு மைட்ரல் இடத்தில் பொருத்தப்பட்ட பிறகு அப்படித் தூக்கினால் உள்ளிருந்து தசை கிழியும் அபாயம் இருக்கிறது. ஆகவே பின்பக்க வேலை முதலில், வால்வு அடுத்து, முன்பக்கத்து மார்புத் தமனித் தையல் கடைசியில். பிறகு இதயத்துக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, கவ்வியை எடுத்து, இதயம் துடிக்கத் தொடங்கியதும் உணவுக்குழாய் வழி எக்கோவில் வால்வை அங்கேயே சோதித்துப் பார்ப்பார்கள்.

தனிப் பைபாஸுக்கு மூன்று நான்கு மணி நேரம் என்றால், இதற்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகலாம். வெளியே காத்திருப்பவர்கள் நேரம் நீள்வதை மட்டும் வைத்துக் கலங்க வேண்டாம்.

ஐ.சி.யூ.விலிருந்து வீடு வரை

முதல் முறை பார்க்கும்போது வாயில் மூச்சுக்குழாய், கழுத்தில் ஊசிக்குழாய், மார்பின் கீழே வடிகுழாய்கள், வயிற்றின் மேற்பகுதியில் மெல்லிய தற்காலிக பேஸ்மேக்கர் கம்பிகள் என்று இருக்கும். வால்வின் அருகிலேயே இதயத்தின் மின்பாதை செல்வதால் அந்தக் கம்பிகள் அவசியம். மின்பாதை மீளாத சிலருக்கு நிரந்தர பேஸ்மேக்கர் வைக்க நேரும். இரண்டாம், மூன்றாம் நாளில் தாறுமாறான துடிப்பு வருவது மிகச் சாதாரணம்: தனிப் பைபாஸுக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், வால்வும் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கும் வரும். பெரும்பாலும் மருந்திலேயே சரியாகும். முதியவர்கள் இரவில் குழம்பிப் பேசுவதும் ஆளை மாற்றிச் சொல்வதும் சில நாட்களில் தெளியும்; அவர்களுடைய கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் செவிலியரிடம் கொடுத்து வையுங்கள், அது உண்மையிலேயே உதவும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பப் பொதுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். பிளந்த மார்பெலும்பு ஒன்றுசேர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வேண்டும். தண்ணீர்க் குடம், சமையல் எரிவாயு உருளை, பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. இரு சக்கர வண்டி ஓட்டக் கூடாது. கையை ஊன்றி எழும்படியாகத் தரையில் உட்காரக் கூடாது. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். சிரை எடுத்த காலில் வீக்கம் இருக்கும், உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கலாம். மார்பெலும்பு கிளிக் என்று ஒலித்தாலோ, தையலில் நீர் வடிந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.

வாழ்நாள் பழக்கங்கள்

பைபாஸுக்காக ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் தொடரும். அறிக்கையில் கொழுப்பு இயல்பாக இருக்கிறது என்று ஸ்டாட்டினை நிறுத்தக் கூடாது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஐ.என்.ஆர். இலக்கு பொதுவாக அயோர்ட்டிக் இடத்தில் 2 முதல் 3 வரையும், மைட்ரல் இடத்தில் 2.5 முதல் 3.5 வரையும். டிஷ்யூ வால்வு வைத்தவர்களுக்கும் முதல் மூன்று மாதங்கள் வார்ஃபரின் வகை மாத்திரை கொடுப்பதுண்டு. இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதுவகை மாத்திரைகளை உலோக வால்வுக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை அப்படிச் சோதித்த ஆய்வு, உறைகட்டியும் இரத்தக்கசிவும் கூடியதால் நிறுத்தப்பட்டு, முடிவு 2013-இல் வெளிவந்தது.

கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றிருந்தால்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, அளவு தெரியாத நாட்டு மருந்துப் பொடி, காய்ச்சலுக்கு இடுப்பில் போடும் ஊசி ஆகிய மூன்றும் வார்ஃபரின் வகை மாத்திரையோடு ஒத்துப்போகா. இடுப்பு ஊசியால் தசைக்குள் இரத்தம் கட்டிப் படுக்கையில் விழுந்தவர்கள் உண்டு. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள், வால்வை மாற்றிவிட்டோமே என்று 21 நாட்களுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதுவும் இடுப்பில் போடுவதே ஆகையால், ஐ.என்.ஆர். பார்த்து மருத்துவர் சொல்லும் முறையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பல் பிடுங்குவதற்கும் சுத்தம் செய்வதற்கும் முன்பு ஒரு முறை ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே இரத்தத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். மருந்து முதலில் உள்ளே போய்விட்டால் வால்வில் ஒட்டிய கிருமி எது என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். இதை உள்ளூர் மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும், தயங்க வேண்டாம்.

ஒன்றரை முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் எக்கோதான் புது வால்வின் அடிப்படை அளவு. பின்னாளில் மூச்சிரைத்தால் அதனோடு ஒப்பிட்டுத்தான் வால்வு தேய்ந்ததா, உறைகட்டி பிடித்ததா, பைபாஸ் குழாய் அடைத்ததா என்று பிரித்தறிவார்கள். அந்த அறிக்கையையும், எந்தெந்தக் குழாய்க்கு எதை வைத்துத் தைத்தார்கள் என்று எழுதிய அறுவைக் குறிப்பையும், வால்வின் பெயரும் அளவும் வரிசை எண்ணும் உள்ள அட்டையையும் வீட்டில் இருவரது கைபேசியிலாவது படமெடுத்து வைத்துவிடுங்கள்.